கேள்வி கேட்கப் போன மாணவர்கள்: பல்கலைக்கழக வகுப்பறையின் ஒரு நூற்றாண்டுக் கதை

பல்கலைக்கழக வட்டாரங்களில் இப்போது "அனுபவவழிக் கற்றல்" என்ற சொல் காதில் விழாத நாளே இல்லை. 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை அதை வலியுறுத்துகிறது. அதற்கென்று பயிலரங்குகள் நடக்கின்றன. மூன்று நாள் உட்கார்ந்தால் சான்றிதழ் கிடைக்கும், மதியச் சாப்பாடும் உண்டு. பேச வருகிறவர் திரையில் படம் போட்டு, மாணவர்கள் வட்டமாக உட்கார வேண்டும், ஆசிரியர் பேச்சைக் குறைக்க வேண்டும், மாணவன் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றெல்லாம் விளக்குவார். நல்ல விஷயம்தான். ஆனால் எல்லாமே நேற்றுத்தான் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கின மாதிரி பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். சமூக அறிவியலைப் பொறுத்தவரை, இந்த நாட்டில் அந்த முறைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது. அது தொடங்கிய இடங்களில் ஒன்று நம்ம சென்னை. அதை வளர்த்தவர்களில், நம்மைப் போலவே ஊரை விட்டு வடக்கே வந்த தமிழர்களும் உண்டு. தில்லியில் ஒரு கல்லூரியில் முப்பத்து நாலு வருஷம் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கதையை இந்த மலரின் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியபோது அது பாடம் நடத்தும் இடமாக இருக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட, தேர்வு நடத்தும் நிறுவனம் அது. பாடம் கல்லூரிகளில் நடக்கும்; பல்கலைக்கழகம் கேள்வித்தாள் தயாரிக்கும், விடைத்தாள் திருத்தும், பட்டம் கொடுக்கும். பம்பாயும் கல்கத்தாவும் அப்படித்தான். இந்தப் பிறவிக் குணத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். 1904-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகுதான், பல்கலைக்கழகமே பேராசிரியர்களை நியமித்துக் கற்பிக்கவும் வழி பிறந்தது. 1914-இல் இந்திய வரலாற்றுக்கு எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார் வந்தார். 1915-இல் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக இங்கிலாந்திலிருந்து வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

இந்த ஸ்லேட்டர் எங்கிருந்து வந்தார் என்பது முக்கியம். ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ரஸ்கின் கல்லூரி என்று ஒன்று உண்டு, தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்டது. சுரங்கத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள், தொழிற்சங்கம் கொடுத்த உதவிப் பணத்தில் அங்கே வந்து படித்தார்கள். 1909-இல் அந்த மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் பக்கம் நின்ற முதல்வரை நீக்கியது ஒரு காரணம். தொழிலாளிக்கு எந்தப் பொருளாதாரத்தை, யார், எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பது அதற்கு அடியில் இருந்த பெரிய காரணம். அந்தக் கலவரம் நடந்த வருஷத்திலேயே அங்கே முதல்வர் பொறுப்புக்கு வந்தவர் ஸ்லேட்டர். எதிர்த்துக் கேள்வி கேட்கிற, வாத்தியாரை விட வாழ்க்கை அதிகம் பார்த்த மாணவர்களோடு ஆறு வருஷம் பழகிவிட்டுச் சென்னைக்கு வந்திருக்கிறார். இங்கே வகுப்பில் என்ன நடந்திருக்கும்? வாத்தியார் சொல்லச் சொல்லப் பையன்கள் எழுதிக்கொள்வார்கள். நான் படித்தபோதும் அதே கதைதான்!

இன்னொரு சிக்கலும் இருந்தது. பதவியின் பெயர் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர். கையில் இருந்த பாடநூல்களோ இங்கிலாந்தின் சந்தையையும் ஆலையையும் மனசில் வைத்து எழுதப்பட்டவை. தென்னிந்தியக் கிராமத்தில் ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கிறது என்று சொல்லும் புத்தகம் கிடையாது. ஆனால் அந்தக் கிராமங்களிலிருந்து வந்த பையன்கள் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்லேட்டர் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற மாணவர்களிடம் அதைக் கொடுத்து, உங்கள் ஊரைப் பற்றி விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். நிலம் எவ்வளவு, யாரிடம் இருக்கிறது, என்ன பயிர், யாருக்கு என்ன தொழில், யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள், ஊர்ப் பொதுக் காரியம் எப்படி நடக்கிறது என்ற மாதிரிக் கேள்விகள். இது 1916-ஆம் ஆண்டு நடந்தது.

மாணவர்கள் கொண்டுவந்த அறிக்கைகளைத் தொகுத்து, "சில தென்னிந்தியக் கிராமங்கள்" என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 1918-இல் புத்தகமாக வெளியிட்டார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டுத் தூசி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாலக்குறிச்சி, ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் ஆகிய ஐந்தும் அதில் இடம்பெற்ற தமிழ்நாட்டுக் கிராமங்களில் பின்னால் பேர்பெற்றவை. தெலுங்கு, மலையாளப் பகுதிக் கிராமங்களும் உண்டு. நினைத்துப் பாருங்கள். விடுமுறை வேலையாக மாணவன் எழுதிய கட்டுரை, பல்கலைக்கழகப் பொருளாதார வரிசையின் முதல் நூலாகிறது! ஆசிரியருக்குத் தெரியாத ஒன்றை மாணவன் கொண்டுவந்து கொடுத்தான், ஆசிரியர் அதைக் கற்றுக்கொண்டார் என்பதுதான் இதில் விசேஷம். வட்டமாக உட்கார்வதும் வண்ணத்தாள் ஒட்டுவதும் இதற்கு அப்புறம்தான்.

ஆனால் இதை ரொம்பவும் தூக்கி வைத்துப் பேசவும் கூடாது. 1916-இல் சென்னையில் கல்லூரி வகுப்புக்கு வந்து சேர்ந்த பையன்கள் யார்? பெரும்பாலும் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள், அக்கிரகாரத்துப் பிள்ளைகள். அந்தப் பையன் கேள்விப் பட்டியலை எடுத்துக்கொண்டு சேரிக்குப் போயிருப்பானா? போனாலும், கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக உழைத்துக்கொண்டிருந்த படியாள், பண்ணை வீட்டுப் பிள்ளை முன்னால் வாய் திறந்து என்ன சொல்லியிருப்பான்? "எல்லாம் எஜமான் தயவு" என்றுதான் சொல்லியிருப்பான். பெண்களிடம் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். கூலி, கடன் பற்றியெல்லாம் அந்த அறிக்கைகள் நிறையச் சொல்கின்றன. அவற்றை ஒதுக்க முடியாது. ஆனால் கேட்கிறவன் யார் என்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கிற பதில் இருக்கும். இந்தப் பாடத்தை நான் எந்த ஆராய்ச்சி முறை நூலிலும் படித்துக் கற்கவில்லை. என் மாணவி ஒருத்திதான் கற்றுக்கொடுத்தாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதே காலத்தில் பம்பாய் மாகாணத்திலும் இந்தக் காற்று வீசியது. புணே விவசாயக் கல்லூரி முதல்வராக இருந்த ஹெரால்டு மான், தன் சகாக்களோடு பிம்ப்ளே சவுதாகர் என்ற கிராமத்தை வீடுவீடாக ஆராய்ந்து 1917-இல் நூல் வெளியிட்டார். இன்று புணேயில் கணினி வேலை பார்க்கிற நம் பிள்ளைகளில் பலர் அந்த ஊரில்தான் அடுக்குமாடியில் குடியிருக்கிறார்கள். அது ஒரு காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற ஆய்வுக் கிராமம் என்று அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ். நகரமே பாடப்புத்தகம், தெருத்தெருவாக நடந்துதான் அதைப் படிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1914-இல் அவர் இந்தியாவுக்கு அனுப்பிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் இருந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. எந்தக் கப்பல் என்கிறீர்கள்? சென்னையில் குண்டு போட்டதே, அதே எம்டன்தான்! மனிதர் அசரவில்லை. வேறு பொருள்களைத் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார். பிறகு மதுரைக்கும் போய் அந்த நகரைப் பற்றி அறிக்கை எழுதினார். 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை தொடங்கியபோது அதன் முதல் பேராசிரியர் அவர்தான்.

இனி நம்மவர் கதைக்கு வருகிறேன். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பாவைக் காந்தியப் பொருளாதார அறிஞர் என்று பலருக்குத் தெரியும். அவர் ஒரு நல்ல ஆசிரியர் என்பது அவ்வளவாகத் தெரியாது. லண்டனில் கணக்காய்வு படித்து, பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்திய கோட்டு சூட்டு மனிதர் அவர். பிறகு அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் பொதுநிதியையும் வறுமையையும் சேர்த்து ஆராய்ந்து 1928-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதை எடுத்துக்கொண்டு 1929 மே மாதம் சபர்மதிக்குக் காந்தியைப் பார்க்கப் போனார். மரத்தடியில் ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் இவர் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தக் கிழவர்தான் காந்தி என்று பிறகுதான் தெரிந்தது. கட்டுரையைப் படித்திருந்த காந்தி, குஜராத்தில் ஒரு கிராமக் கணக்கெடுப்பு செய்து தர முடியுமா என்று கேட்டார்.

இந்த வேலை குஜராத் வித்யாபீடத்தின் மூலம் நடக்க வேண்டும். அங்கே பொறுப்பில் இருந்த காகா காலேல்கர், குஜராத்தி தெரியாத மனிதர் குஜராத்திக் கிராமத்தில் என்ன விசாரிக்க முடியும் என்று தயங்கினார். நியாயமான தயக்கம்தானே. மொழி தெரியாத ஊருக்கு வேலைக்கு வந்து இறங்கிய முதல் வாரம் நம்மில் யாருக்கு மறக்கும்? ஆனால் அந்தக் குறையே நல்ல வகுப்பறையை உண்டாக்கிவிட்டது என்று நான் நினைக்கிறேன். ஆசிரியருக்கு மொழி தெரியாது; மாணவர்களுக்குத் தெரியும். எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பதில் என்ன என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். மாணவன் வெறும் எழுத்தராக இருந்தால் அங்கே வேலையே நடக்காது.

அப்படித்தான் 1929 கடைசியிலும் 1930 தொடக்கத்திலும் கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவில், வித்யாபீட மாணவர்கள் குமரப்பாவோடு கிராமம் கிராமமாகச் சென்று வரவு செலவு, நிலம், கடன், வரி எல்லாவற்றையும் திரட்டினார்கள். அறிக்கை 1931-இல் வெளிவந்தது. நிலவரி என்கிற சுமை குடியானவன் தாங்கக்கூடியதுதானா என்ற கேள்விக்கு எண்களால் பதில் சொன்ன நூல் அது. கணக்காய்வாளர் அல்லவா, ஒரு குடும்பத்தின் பேரேட்டைப் பார்க்கிற கண்ணால் ஒரு தாலுகாவையே பார்த்தார்.

அந்த 1930 மார்ச்சில்தான் தண்டி யாத்திரை. யாத்திரைக்கு முன்னால் ஒவ்வொரு ஊருக்கும் வித்யாபீட மாணவர்களின் முன்னணிக் குழு ஒன்று போனது. "அருண் துகடி" என்று அதற்குப் பெயர். போகிற வழியில் உள்ள ஊர்களின் விவரம் வேண்டும் என்று காந்தி முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார். ஜனத்தொகை எவ்வளவு, அதில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், ராட்டை எத்தனை, பசு எருமை எத்தனை, நிலவரி எவ்வளவு, உப்பு எவ்வளவு செலவாகிறது என்று எல்லாமே புள்ளிவிவரம். யாத்திரை மாதர் வழியாகவும் போயிற்று. உப்புச் சத்தியாகிரகத்தைப் பற்றிப் பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாக நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம். அதற்குள்ளே மாணவர்களின் கேள்விப் பட்டியல் ஒன்று இருந்தது என்று எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை.

குமரப்பாவின் சகோதரர் ஜே. எம். குமரப்பா பம்பாயில் இருந்தார். அங்கே 1936-இல் சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டப் பள்ளி தொடங்கியது. அதைத் தொடங்கி நடத்தியவர் கிளிஃபோர்டு மான்ஷர்ட் என்ற அமெரிக்கர். 1920-களிலிருந்தே பைகுல்லாப் பக்கம் நாக்பாடாவில், ஏழைத் தொழிலாளர்களுக்கு நடுவே சேவை இல்லம் நடத்தியவர். பள்ளியும் அந்த இல்லத்தின் தோளில்தான் வளர்ந்தது. மாணவன் வாரத்தில் சில நாள் வகுப்பில் இருப்பான், சில நாள் குடியிருப்பிலோ மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ வேலை செய்வான். பார்த்ததை எழுதி, ஆசிரியரிடம் தனியாக உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். களப்பணியில் தேறாவிட்டால் பட்டயம் கிடையாது. மான்ஷர்ட்டுக்குப் பிறகு அங்கே இயக்குநரானவர் ஜே. எம். குமரப்பா. 1944-இல் அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறி, 1954-இல் தேவ்னாருக்கு இடம் பெயர்ந்தது. ஆமதாபாத்தில் ஒரு சகோதரர், பம்பாயில் ஒரு சகோதரர் என்று தஞ்சாவூர்க் குடும்பம் ஒன்று இந்த வரலாற்றில் இரண்டு இடத்தில் நிற்கிறது. மும்பைத் தமிழர்களின் சங்கங்கள் இதை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

சரி, இவ்வளவு நல்ல தொடக்கம் இருந்தும் நம் கல்லூரிகளில் ஏன் இது பரவவில்லை? வாத்தியார்களுக்குச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கே இந்த முறை உயிரோடு இருந்தது என்று பாருங்கள். குஜராத் வித்யாபீடம் 1920-இல் அரசாங்கத்தின் அங்கீகாரமே வேண்டாம் என்று தொடங்கிய நிறுவனம். பிரிட்டிஷ் அரசின் பரீட்சை அதைக் கட்டுப்படுத்தவில்லை. டாட்டா பள்ளி தன் பட்டயத்தைத் தானே கொடுத்தது. அதாவது, பாடம் நடத்துகிறவரே மதிப்பெண்ணும் போடுகிற இடத்தில் மாணவன் ஊருக்குப் போனான். கேள்வித்தாளை எங்கோ இருக்கிற ஒருவர் தயாரித்து, விடைத்தாளை எங்கோ இருக்கிற இன்னொருவர் திருத்துகிற இடத்தில், அதாவது 1857-இல் போட்ட அந்த அச்சில், மாணவன் கைடு வாங்கினான். இருவேல்பட்டில் யாருக்கு எவ்வளவு கடன் என்பதை மூன்று மணி நேரப் பரீட்சையில் எப்படி எழுதுவது? எழுதினாலும் திருத்துகிறவருக்கு அது சரியா தப்பா என்று எப்படித் தெரியும்?

சுதந்திரம் வந்தவுடன் அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைவர், திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று 1949-இலேயே அந்தக் குழு சொல்லிவிட்டது. கோத்தாரி குழுவும் 1966-இல் கல்லூரிக்குள்ளேயே மதிப்பிடும் முறையைப் பேசியது. ஆனால் நடந்தது என்ன? ஊரை ஆராய்கிற வேலை ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் போயிற்று. பட்ட வகுப்பு மாணவனுக்கு நோட்ஸ் மிஞ்சியது. தில்லியிலும் 1959-இல் எம். என். ஸ்ரீனிவாஸ் வந்து சமூகவியல் துறையைத் தொடங்கியபோது, ஊரில் போய் இருந்து பார்ப்பதே சமூகவியல் என்று ஆக்கினார். அது ஆராய்ச்சி மாணவர்களைப் பெரிதும் மாற்றியது. மாலைக் கல்லூரியில் எழுபது பேர் வகுப்பில் உட்கார்ந்திருந்த பையனை அது எட்டவில்லை.

எழுபது பேர் வகுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? நான் செய்து பார்த்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, அரசியலமைப்பு நிர்ணய சபை. அரசியல் விஞ்ஞானம் நடத்திய சக ஆசிரியர் ஒருவரும் நானும் சேர்ந்து, 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை நடந்த மொழி விவாதத்தை வகுப்பில் நடத்தினோம். சபையின் விவாதங்கள் அச்சில் இருக்கின்றன. ஆளுக்கு ஓர் உறுப்பினரைக் கொடுத்துவிடுவோம். அவர் என்ன பேசினார் என்று நூலகத்தில் படித்து, அவருடைய வாதத்தைத் தன் சொல்லில் பேச வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: ஹிந்தி பேசுகிற பையன் கோவை டி. ஏ. ராமலிங்கம் செட்டியாருக்காகப் பேச வேண்டும். நம்ம வீட்டுப் பிள்ளை ஜபல்பூர் சேட் கோவிந்த தாஸுக்காகப் பேச வேண்டும். முதலில் ஒரே சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்றுவிடும். ஹிந்துஸ்தானி தெரியாதவருக்கு இந்தியாவில் இருக்கவே உரிமையில்லை என்று 1946 டிசம்பரில் அதே சபையில் துலேகர் பேசியதைப் படித்த கிழக்கு உத்தரப் பிரதேசத்துப் பையன், "சார், இவங்க கோபப்பட்டதுல தப்பே இல்லையே" என்றான். எண்களை எந்த வடிவத்தில் எழுதுவது என்பதற்கே அத்தனை சண்டை நடந்தது என்று தெரிந்து அசந்துபோவார்கள். முன்ஷி-அய்யங்கார் சமரசம் என்று பாடநூலில் ஒரு வரியில் வருவது, எத்தனை பேர் எதை விட்டுக்கொடுத்துக் கிடைத்தது என்று அந்த மூன்று வகுப்பில் புரிந்துவிடும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். மூன்று வகுப்பு நேரம் வேண்டும். அதுதான் கிடைக்காது, "போர்ஷன் முடியலையே" என்பார்கள்.

இரண்டாவது, வீட்டு வரவு செலவு. ஸ்லேட்டரின் பட்டியலைப் பின்பற்றி நான் ஒரு சின்னப் பட்டியல் வைத்திருந்தேன். வறுமைக் கோடு நடத்துகிற மாதம், ஒவ்வொருவரும் தங்கள் தெருவில் ஒரு குடும்பத்தின் ஒரு மாதக் கணக்கை எழுதிக்கொண்டு வர வேண்டும். கிராமத்துக்கு 2,400 கலோரி, நகரத்துக்கு 2,100 கலோரி என்று திட்டக் குழு அப்போது வைத்திருந்த அளவுகோலை அதோடு ஒப்பிடுவோம். 1990-களின் கடைசி. திரிலோக்புரியிலிருந்து வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, வேறு வீட்டுக்குப் போகாமல் தன் அம்மாவிடமே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அம்மா மயூர் விஹாரில் நாலு வீட்டில் வேலை செய்கிறவர். "எதுக்குடி இதெல்லாம்? பரீட்சையில கேப்பாங்களா?" என்றாராம் அம்மா. "கேக்க மாட்டாங்கம்மா, நான்தான் கேக்கறேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கணக்கில் சீட்டுக்குக் கட்டிய பணம் வாடகையை விட அதிகம். வகுப்பில் எல்லோரும் அதைச் சேமிப்பு என்று எழுதச் சொன்னார்கள். பாடநூல்படி அது சரிதான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. சீட்டை முன்னாலேயே தள்ளி எடுத்து அக்கா கல்யாணத்துக்குச் செலவழித்தாயிற்று, இப்போது கட்டுவதெல்லாம் கடன்தான் என்றாள். ஊரில் இருக்கும் பாட்டிக்கு மணியார்டர், வருஷத்துக்கு ஒரு தடவை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டிக்கெட், லாரித் தண்ணீருக்காக வரிசையில் நின்று வேலைக்குப் போக முடியாமல் போன நாளின் சம்பளம். இதெல்லாம் கலோரியில் எங்கே வருகிறது என்று கேட்டாள். நான் பதினைந்து வருஷம் நடத்திய பாடத்தில் அந்தக் கேள்வி வந்ததே இல்லை. 1916-இல் பண்ணை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காத பதில் அவளுக்குக் கிடைத்தது, ஏனென்றால் அவள் கேட்டது தன் அம்மாவை. நம் கல்லூரிகளில் இன்று முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைய. ஸ்லேட்டருக்கு வாய்க்காத மாணவர்கள் நமக்கு வாய்த்திருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு மதிப்பெண் கொடுக்க நான் பட்ட பாடு தனிக்கதை. 2003-04 வாக்கில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கு 25 என்று இன்டர்னல் மதிப்பெண் வந்தபோது, கதவு திறந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அதில் ஒரு பங்கு வருகைப் பதிவுக்குப் போயிற்று, ஒரு பங்கு கல்லூரிக்குள்ளே நடக்கும் இன்னொரு பரீட்சைக்குப் போயிற்று. மிச்சம் இருந்த பத்து மதிப்பெண்தான் எங்கள் ராஜ்ஜியம். பிறகு செமஸ்டர் வந்து, விடுமுறைக்கும் பரீட்சைக்கும் நடுவே மூச்சு விடவே நேரமில்லாமல் ஆயிற்று. இப்போது கணினியே கட்டுரை எழுதிக் கொடுத்துவிடுகிறது என்று ஆசிரியர்கள் புலம்புகிறார்கள். திரிலோக்புரி அம்மாவின் சீட்டுக் கணக்கை அதனால் எழுத முடியாது என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

இதில் அவசரமும் இருக்கிறது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரமாக இருந்த மதராஸி கேம்ப், 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. சில நூறு வீடுகள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், பல பத்தாண்டுகளாக அங்கே இருந்தவர்கள். தகுதி உண்டு என்று தீர்மானிக்கப்பட்டவர்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் மாற்று வீடு, எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சுற்றியிருந்த காலனிகளில் வீட்டு வேலை செய்துவந்த பெண்கள் நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு வேலைக்கு வந்து சேர முடியும்? அங்கே யார் எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம், எதற்காக வந்தார்கள்? இத்தனை கல்லூரிகள் இருக்கிற நகரத்தில், இடிபடுவதற்கு முன்னால் மாணவர்கள் ஒரு வீட்டையும் விடாமல் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டாமா?

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்லேட்டரின் கிராமங்களே சாட்சி. அவற்றைப் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936-37-இல் மறுபடி ஆராய்ந்து 1940-இல் நூலாக்கினார்கள். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். குகனும் மற்றவர்களும் திரும்பப் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போய்ப் பார்த்து, பெரிய பண்ணையின் பிடி தளர்ந்ததையும், உழைப்பு ஊருக்கு வெளியே வழி தேடிப் போனதையும் 2010-இல் எழுதினார்கள். கங்கைகொண்டானில் இப்போது சிப்காட் தொழிற்பேட்டை. தொண்ணூறு வருஷத்து மாற்றத்தை ஒரே ஊரில் வைத்து அளக்க முடிகிறது என்றால், அதற்கு முதல் அளவுகோல் ஒரு கல்லூரிப் பையன் லீவில் போய் எழுதிய காகிதம்.

என் மாணவர்கள் எழுதிய வீட்டுக் கணக்கு நோட்டுகள் நூற்றுச் சொச்சம், பெயர்களை மறைத்து, ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஹிந்தியில் எழுதியவை பாதி, ஆங்கிலத்தில் கொஞ்சம், தமிழில் பதினொன்று. சங்கத்தின் நூலகத்தில் அவற்றுக்கு ஓர் அலமாரி கேட்டுச் செயலாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நரேலாவுக்குப் போய்வர முன்வந்தால், கேள்விப் பட்டியல் தயார் செய்துகொடுக்க நான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மேல் நூலகத்தில்தான் இருப்பேன்.